தாய்மாமன் செய்த பொலோனி

என் தங்கையின் புருஷனைப் பழிவாங்க எனக்கு ஐந்து வருடம் பிடித்தது. அவசரப்பட்டிருந்தால் கோயில் வாசலிலேயே செருப்பைக் கழற்றி ஐந்து நிமிடத்தில் முடித்திருப்பேன். ஆனால் நான் சமையல்காரன். அரை வேக்காட்டில் எதையும் இறக்கிப் பழக்கமில்லை.

பட்டாளத்தில் ஒன்பது வருடம் ஆபீசர்கள் மெஸ்ஸில் சமைத்துவிட்டு அறுபதுகளின் பின்பாதியில் ஊர் திரும்பினேன். மொரப்பூருக்கும் கம்பைநல்லூருக்கும் நடுவில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் மேட்டுக்காடு. கிணற்றில் தண்ணீர் இருந்தால் கரும்பு, இல்லாவிட்டால் கேழ்வரகு. கல்யாணம் பண்ணிக்கொண்டு, நாலு ஆடு வாங்கிக் கட்டி, சாதாரண சம்சாரியாகத்தான் உட்கார்ந்தேன். மெஸ்ஸில் மாட்டையும் வெட்டினேன், பன்றியையும் வெட்டினேன். சொன்னால் செய்ய வேண்டியது வேலை. அதை நான் யாரிடமும் மறைத்ததில்லை, அதற்காக வெட்கப்பட்டதுமில்லை.

தங்கை மகளுக்குக் காது குத்து வைத்தார்கள். எங்கள் பக்கம் குலதெய்வத்துக் கோயிலில் பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் மொட்டை போடுவார்கள், காது குத்துவார்கள். தாய்மாமன் செத்துப் போயிருந்தால்தான் வேறு மடி தேடுவது. அன்று வெட்டுகிற கிடாயில் ஒரு பின்னந்தொடையும் அவன் வீட்டுக்குத்தான் போகும். நானும் பட்டுப் பாவாடை, வளையல், அரைப் பவுனில் கம்மல், பழம், வெற்றிலை என்று சீர்த்தட்டு எடுத்துக்கொண்டு மனைவியோடு போய் இறங்கினேன்.

தங்கை புருஷன் கோயில் படியில் நின்று என்னை மறித்தான். என்னிடம் பேசவில்லை. சுற்றி நின்ற தன் பங்காளிகளைப் பார்த்துப் பேசினான்.

"மாட்டையும் பன்னியையும் வெட்டுன கை அது. அந்த மடியில எம்புள்ள ஒக்காராது."

என் பெரியப்பா மகன் ஒருவனைக் கூப்பிட்டுப் பலகையில் உட்கார வைத்தார்கள். குழந்தை அவன் மடியில் அழுதது. தங்கை புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். நான் சீர்த்தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் எல்லோரும் தட்டையே பார்த்தார்கள். உயிரோடு இருக்கும்போதே என்னைச் சாகடித்துவிட்டான் என்றுதான் அன்று நினைத்தேன், இன்றும் அதை மாற்றிச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. சாயங்காலம் ஒரு ஆளிடம் வாழையிலையில் கட்டி எனக்குப் பங்கு அனுப்பினான். தொடை இல்லை, குடல். "மெஸ்ஸுக்காரருக்கு இதைப் பக்குவம் பண்ணத் தெரியும்னு சொல்லச் சொன்னாருங்க" என்று அந்த ஆள் வாசலிலேயே சொல்லிவிட்டுப் போனான்.

என் மனைவி அதை நாய்க்குப் போடப் போனாள். நான் பிடுங்கிக்கொண்டேன். கிணற்றடியில் உட்கார்ந்து குடலை உள்வெளியாகத் திருப்பி, கத்தியின் பின்பக்கத்தால் வழித்து வழித்து, கண்ணாடி மாதிரி ஆகும் வரைக்கும் கழுவினேன். ஊறுகாய் ஜாடியில் கல்லுப்பைக் கொட்டி அதில் புதைத்தேன்.

"அந்த ஜாடியில இனிமே ஊறுகா போட முடியாதுங்க" என்றாள் மனைவி.

"போட வேண்டாம்" என்றேன். "அவன் அனுப்புன பண்டத்த அவனுக்கே திருப்பித் தரணும். அதுவரைக்கும் இருக்கட்டும்."

குடல் உப்பில் கெடாது. ஈரம் விட்டால் உப்பை மட்டும் மாற்ற வேண்டும். நான் மாற்றிக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு தடவை ஜாடியைத் திறக்கும்போதும் கோயில் படி ஞாபகம் வரும், மூடி வைப்பேன்.

எப்படித் திருப்பித் தருவது என்பது மட்டும் ரொம்ப நாள் தெரியவில்லை. சாராயக் கடைகளை அரசாங்கமே திறந்துவிட்ட சமயத்தில்தான் வழி கிடைத்தது. அவன் மொரப்பூரில் புளி மண்டி வைத்திருந்தான். மண்டியைச் சாத்தியதும் நேராகக் கடைக்குப் போகிறான், ஒரு கூட்டத்துக்கே வாங்கிக் கொடுக்கிறான், தொட்டுக்கொள்ளக் கறி இல்லாவிட்டால் கத்துகிறான் என்று கேள்விப்பட்டேன். கடை வாசலில் ஒரு அக்கா அடுப்புப் போட்டு முட்டையும் சுண்டலும் ஈரலும் விற்றுக்கொண்டிருந்தது. வேண்டாம் என்று அவன் தள்ளிய கையாலேயே அவனுக்கு ஊட்டுவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

மெஸ்ஸில் எனக்கு நல்ல பெயர் வாங்கித் தந்தது ஒரே ஒரு பண்டம். பொலோனி என்பார்கள். கறியையும் கொழுப்பையும் மைய அரைத்து, குடலில் அடைத்து, புகை போட்டு, வெந்நீரில் வேகவைத்து எடுப்பது. அங்கே ஐஸ் இருந்தது, அரைக்க மிஷின் இருந்தது, புகைக்கு இரும்பு அலமாரி இருந்தது. வீட்டில் இருந்தது ஆட்டுக்கல்லும், கிணற்றுத் தண்ணீரும், அடியில் விரிசல் விட்டு வேண்டாமென்று கிடந்த ஒரு மண்குதிரும். ஆள் உயரக் குதிர். முன்பு அதில் கேழ்வரகு கொட்டி வைப்பார்கள். மேலே வாய், கீழே தானியம் எடுக்க ஒரு ஓட்டை. புகை கீழே நுழைந்து மேலே போக இதைவிட என்ன வேண்டும்.

கொலைக்கு நாள் பார்ப்பவன்கூட அவ்வளவு யோசித்திருக்க மாட்டான். விடியற்காலையில், கல் குளிர்ந்திருக்கும்போதே அரைக்க வேண்டும். வெயில் ஏறிவிட்டால் கொழுப்பு உருகிக் கறி தனி, எண்ணெய் தனி என்று பிரிந்துவிடும். எங்கள் பட்டியில் வெட்டிய வெள்ளாட்டுக் கறி, கொழுப்பு, உப்பு, மிளகு, பூண்டு, கொத்தமல்லி விதை, ஜாதிக்காய் கொஞ்சம். நிறத்துக்கு ஒரு சிட்டிகை வெடியுப்பு. அது போட்டால்தான் வெந்த பிறகும் கறி ரோஜா நிறத்தில் இருக்கும், போடாவிட்டால் சாம்பல் நிறம். மண்பானையில் ராத்திரி ஊற்றி வைத்த தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அரைக்க வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றாத புதுப் புனலை வைத்துக் குடலில் அடைத்து, சாண் அளவுக்கு ஒரு கட்டுப் போட்டு, குதிரின் வாயில் குறுக்கே கம்பு வைத்துத் தொங்கவிட்டு, ஈரச் சாக்கால் மூடுவேன். கீழே மாங்கட்டைத் தணல், அதன்மேல் நிலக்கடலைத் தோல். தீ எரியக் கூடாது, புகைய மட்டும் வேண்டும்.

முதல் தடவை அவசரத்தில் வேப்பங்கட்டையைப் போட்டுவிட்டேன். கசப்பில் நாய்கூட மோந்து பார்த்துவிட்டு நகர்ந்தது. இரண்டாம் தடவை வெந்நீர் கொதித்துவிட்டது, அத்தனையும் வெடித்துப் பானையில் கறிக்கஞ்சி. தண்ணீரில் குமிழி வரக் கூடாது. விரல் விட்டால் சுட வேண்டும், அவ்வளவுதான். மனைவி பக்கத்திலேயே உட்கார்ந்து விறகை உள்ளே தள்ளவும் வெளியே இழுக்கவுமாக இருந்தாள். மூன்றாம் தடவை சரியாக வந்தது. வெட்டிப் பார்த்தால் ரோஜா நிறம், புகை வாசனை, கத்தியில் ஒட்டாத வழவழப்பு. மனைவி ஒரு துண்டு தின்றுவிட்டு இன்னொன்று கேட்டாள்.

"இதுக்கு இத்தன வன்மம் எதுக்குங்க? நல்லாத்தானே இருக்குது" என்றாள்.

மிச்சத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பினேன். கடை வாசல் அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். யார் செய்தது என்று யாருக்கும் சொல்லக் கூடாது என்பது மட்டும்தான் என் நிபந்தனை. அக்கா அதை வில்லை வில்லையாக நறுக்கித் தோசைக்கல்லில் போட்டது. ஓரம் சுருண்டு முறுகியதும் எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தது. ஒரே வாரத்தில் 'ரோஸ் கறி' என்று அதற்குப் பெயர் வந்துவிட்டது.

நான் சாராயக் கடைக்கு எதிரில் இருந்த டீக்கடையில் அவன் கண்ணில் படாமல் உட்கார்ந்து, அவன் தின்பதைப் பார்ப்பேன். முதல் நாள் ஒரு தட்டு. மறுநாள் இரண்டு. அப்புறம் கூட வருகிறவர்களுக்கும் அவனே சொல்லுவான். விரலைச் சூப்புவான். ஒரு நாள், "இதப் பண்ணுன கைக்குத் தங்கத்துல காப்பு போடணும்" என்று அவன் சொன்னதை அக்கா வந்து என்னிடம் சொன்னது. எனக்கு உடம்பெல்லாம் குளுகுளுவென்று இருந்தது. அன்று ராத்திரி சோறு இரண்டு மடங்கு சாப்பிட்டேன். அப்போதே போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் சாராயக் கடையில் நாலு பேர் முன்னால் சொன்னால் நாலு பேரோடு போய்விடும். என்னை அவமானப்படுத்தியது அவன் பங்காளிகள் முன்னால். அவர்கள் முன்னால்தான் நடக்க வேண்டும்.

ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே ஊட்டினேன். பிறகு ஒரு நாள் அக்கா என் வீட்டுக்கே வந்தது. இதற்கு முன்னும் ஒன்றிரண்டு தடவை வந்து நான் ஆடு வெட்டுவதைப் பார்த்திருக்கிறது.

"தம்பி, புளி மண்டிக்காரரு பையனுக்குக் காது குத்து வெச்சிருக்காரு. கோயில்ல ஆம்பளைங்களுக்கெல்லாம் ரோஸ் கறி போடணுமாம். நெறைய வேணுமாம். செஞ்சவங்களே கொண்டாந்து குடுக்கணும்னு சொல்றாரு."

"யாருன்னு அவனுக்குத் தெரியுமா?"

அக்கா மண்குதிர் பக்கம் பார்த்துக்கொண்டு, "நான் எதுக்குப்பா சொல்லப் போறேன்" என்றது.

எனக்கு வேறெதுவும் காதில் விழவில்லை. அவனே கூப்பிடுகிறான். அதே கோயில், அதே பங்காளிகள். ஜாடியைத் திறந்து ஐந்து வருடத்து உப்பிலிருந்து அந்தக் குடலை எடுத்தேன். ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீரில் போட்டதும் இளகி வந்தது. மற்றதையெல்லாம் புதுக் குடலில் அடைத்தேன். அவனுக்கென்று ஒன்றை மட்டும் அந்தக் குடலில் அடைத்து, சிவப்பு நூலால் கட்டினேன். மூன்று ஆடு வெட்டினேன். மூன்று நாள் குதிர் புகைந்தது.

கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நான் கோயிலுக்குப் போனபோது இன்னும் மொட்டை போடவில்லை. புளியமரத்தடியில் ஆண்கள் இலை முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். காது குத்துகிற ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சந்நிதி முன்னால் பலகை போட்டிருந்தார்கள், அதன்மேல் புது வேட்டியும் துண்டும் மடித்து வைத்திருந்தது. என் பெரியப்பா மகனுக்குத்தான் என்று நினைத்தேன், பல்லைக் கடித்தேன். தங்கை என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

கூடையை அவன் இரண்டு கையாலும் வாங்கினான். குடித்திருக்கிறான் போல என்று நினைத்தேன். வறுத்து இலையில் போட்டார்கள். சிவப்பு நூல் கட்டியதை நானே நறுக்கி அவன் இலையில் வைத்தேன். அவன் ஒரு வில்லையை எடுத்து எல்லோரும் பார்க்கத் தின்றான். பங்காளிகள் தின்றார்கள், நல்லா இருக்குது என்று சொன்னார்கள், இன்னொரு தடவை கேட்டு வாங்கினார்கள். அவர்களில் மூத்தவர் இலையை வழித்தே விட்டார். நான் அதுவரைக்கும் காத்திருந்தேன்.

"எல்லாரும் கேட்டுக்கங்க" என்றேன். "இத அரச்சு, அடச்சு, பொகை போட்டது இந்தக் கைதான். அஞ்சு வருஷம் முன்னால இந்தப் படியில நிறுத்துனீங்களே, அதே கை. மாப்ள ஒரு வருஷமா தினமும் இதத்தான் தின்னுட்டு இருக்காரு."

வாயில் போட்டிருந்தவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள். அவன் எழுந்து நின்றான். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

"மச்சான்" என்றான். ஐந்து வருடத்தில் முதல் தடவையாக அப்படிக் கூப்பிட்டான். "இது என்ன கறின்னு எல்லாருக்கும் கேக்கறாப்பல சொல்லுங்க."

பயம் என்று நினைத்தேன். அந்தப் பயத்துக்காகத்தான் நான் ஐந்து வருடம் உப்பு மாற்றினேன். வெள்ளாட்டுக் கறி என்று இரண்டு வார்த்தை சொன்னால் பயம் போய்விடும். அதனால் சொல்லவில்லை.

"பட்டாளத்துல இந்தக் கை எதையெல்லாம் வெட்டிச்சோ அதான் மாப்ள" என்றேன்.

இலையில் மிச்சம் இருந்த ரோஜா நிற வில்லைகளை எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். ஆட்டுக்கறி வெந்தால் அந்த நிறத்தில் இருக்காது என்று அவர்களுக்குத் தெரியும். வெடியுப்பைப் பற்றி அவர்களுக்குத் தெரியாது.

அவன் கிட்டே வந்து, குரலைத் தாழ்த்தி, மறுபடியும் கேட்டான். "மச்சான், சொல்லுங்க."

நான் காலிக் கூடையை எடுத்துக்கொண்டு திரும்பினேன். பின்னால் ஒருவர் ஓங்கரித்தார். அப்புறம் வரிசையாக எல்லோரும் கிணற்றடிக்கு ஓடினார்கள். நான் திரும்பிப் பார்த்தேன், நன்றாகவே பார்த்தேன். மூத்தவர் விரலை விட்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். என் வாழ்க்கையில் அவ்வளவு ருசியான நிமிடம் வேறு இல்லை. பொய் சொல்ல விருப்பமில்லை, அதனால் எழுதுகிறேன். ஊர் வரைக்கும் நடந்தே வந்தேன், கால் வலிக்கவில்லை.

வீட்டில் எல்லாவற்றையும் மனைவியிடம் ஒன்று விடாமல் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "கடைசியில ஆட்டுக்கறின்னு சொல்லிட்டுத்தானே வந்தீங்க?" என்றாள்.

"எதுக்குச் சொல்லணும்?"

அவள் உள்ளே போய்விட்டாள். அன்று அடுப்புப் பற்ற வைக்கவில்லை.

எட்டாம் நாள் மத்தியானம் தங்கை வந்தாள். ஐந்து வருடத்துக்கு அப்புறம் எங்கள் வீட்டு வாசலில் அவள் கால் பட்டது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தோம், வாங்கிக் கீழே வைத்தாள்.

"அந்தக் கறி யாரு பண்றதுன்னு அவருக்கு மூணு மாசமாத் தெரியும்ணா" என்றாள். "கறி விக்கிற அக்காதான் சொல்லிச்சு. ஆட்டுக்கறிதான்னும் சொல்லிச்சு. அன்னிக்கு வூட்டுக்கு வந்து குடிக்காம ஒக்காந்திருந்தாரு. வேணாம்னு தள்ளுன கையிலதான் இத்தன நாளா தின்னுட்டு இருந்திருக்கறேன்னாரு. நேரா வந்து உன்னக் கூப்பிட அவருக்கு மொகம் இல்ல. பங்காளிங்களும் ஒத்துக்க மாட்டாங்க. அவங்கள மொதல்ல திங்க வெச்சுட்டு, அப்புறம் உன் வாயாலயே ஆட்டுக்கறின்னு சொல்ல வெச்சா, யாரும் எதுவும் பேச முடியாதுன்னு நெனச்சாரு. அதுக்குத்தான் கேட்டாரு. ரெண்டு தடவ கேட்டாரு."

பலகையில் பெரியப்பா மகனுக்கு வேட்டி வைத்திருந்தீர்களே என்றேன்.

"பலகையில வெச்சிருந்த வேட்டி உனக்கு எடுத்தது. தொடையக்கூட எடுத்துத் தனியா வெச்சிருந்தோம்."

பையனுக்கு யார் மடியில் காது குத்தினார்கள் என்று கேட்டேன்.

"ஆசாரி நேரம் போவுதுன்னாரு. எம்மடியிலயே குத்திட்டாங்க" என்றாள். "பங்காளிங்க யாரும் எங்க வூட்டுல தண்ணி குடிக்கறதில்ல. தீட்டுக் கழியணும்னு தீர்த்தமலைக்குக் கூட்டிட்டுப் போயி, முழுவ வெச்சு, அவரு மீசைய எடுத்துட்டாங்க. அப்பவும் ஆட்டுக்கறிதான்னு சொல்லிட்டேதான் இருந்தாரு. தப்பிக்கறதுக்குச் சொல்றான்னுட்டாங்க." போகும்போது வாசலில் நின்று, "நீ அவரப் பழி வாங்கல. என்னத்தான் பழி வாங்குன" என்றாள்.

அன்று சாயங்காலமே கிளம்பினேன். பங்காளிகள் வீடு ஒவ்வொன்றாக ஏறினேன். வெள்ளாட்டுக் கறி, எங்கள் பட்டியில் வெட்டியது, குலதெய்வத்தின்மேல் சத்தியம் என்றேன். வெடியுப்பை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். கறி விற்கிற அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன். வியாபாரம் படுத்துவிடும் என்று அது பேசுகிறது என்றார்கள். வந்து பாருங்கள், உங்கள் முன்னால் வெட்டிச் செய்து காட்டுகிறேன் என்றேன். இனிமேல் செய்வது ஆடாக இருக்கும், அன்றைக்குச் செய்தது யாருக்குத் தெரியும் என்றார்கள். இலையை வழித்துத் தின்ற மூத்தவர் மட்டும் என்னைத் திட்டவில்லை.

"ஆட்டுக்கறியா இருந்திருந்தா, அன்னிக்கு அத்தன பேரு முன்னால அவன் கேட்டப்பவே சொல்லியிருப்பீங்களே" என்றார். "தங்கச்சி வந்து அழுதிருக்கும். அதுக்காக இப்ப சொல்றீங்க. அண்ணன்னா அப்படித்தான். போயிட்டு வாங்க."

எல்லா வீடும் முடிந்த பிறகு மொரப்பூருக்குப் போனேன். மண்டியில் அவர் தனியாக உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். மீசை இல்லாமல் முகம் வேறு யாருடையதோ போல இருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து, சாக்கை உதறிப் போட்டு உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே, அது வெள்ளாட்டுக் கறிதான் மாப்ள என்றேன்.

"எனக்குத் தெரியுமுங்க மச்சான்" என்றார். "எங்கிட்டச் சொல்லி என்னங்க பண்றது?"